அறுபது குழி மிராசுதார்

தஞ்சாவூர் ஜில்லாவில் எத்தனையோ மிராசுதார்கள் இருந்திருக்கிறார்கள். பத்து ஜோடி மாடு வைத்திருந்தவர்கள் உண்டு. மோட்டார் கார் வைத்துக்கொண்டு வயல் வரப்பில் ஓட்டப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் தன் நிலத்திலிருந்து ஒரு படி நெல்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாமல், அங்கே தானே கூரை வேய்ந்து, தானே சாணி மெழுகி, அப்படியும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மிராசுதார் நடை நடந்தவர் ஒருவர்தான். அவரை நாங்கள் அறுபது குழியார் என்போம். அவருடைய சொந்தப் பெயர் ஒரு பத்திரத்தில் இருந்தது. ஊரில் யார் வாயிலும் இருக்கவில்லை.

அறுபது குழி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்கு. எங்கள் பள்ளிக்கூடக் கொட்டகையும், அதற்கு முன்னால் கபடி ஆடுகிற அளவு இடமும். அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பெரிய பண்ணைக்கு இருந்தது அறுபது வேலி, ஏறக்குறைய நானூறு ஏக்கர். ஒரு வேலிக்கு எத்தனை குழி என்று வாத்தியார் கணக்குப் போடச் சொன்னால் வகுப்பில் பாதிப்பேர் வெளியே போக விரலைக் காட்டுவோம்.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குத் தெற்கே, ஒரு வாய்க்காலைத் தாண்டி இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பிறந்ததல்ல, பண்ணையின் வண்டிக் கொட்டகையாகப் பிறந்தது. சர்க்காரிலிருந்து வாத்தியாரை அனுப்பிவிட்டார்கள், கட்டடத்தை அனுப்பவில்லை. வாத்தியார் குடையும் டிரங்குப் பெட்டியுமாக வந்து பண்ணை வாசலில் நின்றார். பண்ணை யோசித்தாராம். வண்டிகள் காலையில் வெளியே போனால் சாயங்காலம்தான் திரும்பும், நடுவில் கொட்டகை சும்மாதானே கிடக்கிறது. "வண்டி இல்லாத நேரம் பிள்ளைங்க இருந்துக்கட்டும்" என்று உத்தரவு ஆகிவிட்டது.

அந்தக் கொட்டகையின் வண்டிக்காரர்தான் நம்ம ஆள்.

முதலில் அவருக்குப் பள்ளிக்கூடத்தைக் கண்டால் ஆகாது என்று என் அப்பா சொல்வார். தினமும் காலையில் வண்டிகளை வெளியே இழுத்துவிட்டு, "பாத்து ஒக்காருங்க, அந்த மூலையில வண்டி மை இருக்கு" என்பார். நாங்கள் சரியாக அந்த மூலையில்தான் உட்காருவோம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பாவாடையில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். எந்தத் தெருவில் பார்த்தாலும் பின்பக்கத்தை வைத்தே இது படிக்கிற பிள்ளை என்று சொல்லிவிடலாம். கரும்பலகையின் கால் உடைந்தபோது, உபரியாகக் கிடந்த வண்டிச் சக்கரத்தில் அதைச் சாய்த்து வைத்தார்கள். வாத்தியார் கொஞ்சம் அழுத்தி எழுதினால் பாடம் உருண்டுபோகும்.

வண்டி ஓட்டம் இல்லாத நாட்களில் அவர் பின்னால் உட்கார்ந்து கயிறு திரிப்பார். பாடம் நடக்கும், அவர் கை பாட்டுக்குத் திரிக்கும், காது இங்கே இருக்கும். வருஷாவருஷம் பிள்ளைகள் தேறி அடுத்த வகுப்புக்குப் போனார்கள். அவரைத் தேற்றிவிட யாருமில்லாததால் எல்லா வகுப்பையும் திரும்பத் திரும்பப் படித்தார். ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னால் மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இவர் யாரு?" என்றார்.

வாத்தியார் சட்டென்று, "வயது வந்தோர் கல்விங்க" என்றார்.

"அப்படியா. பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்க பார்க்கலாம்."

கயிறு திரிக்கிற கை நிற்காமலே ஒரு பதினாறிலிருந்து பதினாறு பதினாறுவரை, நடவுப்பாட்டு மாதிரி ராகம் போட்டுச் சொல்லி முடித்தார். இன்ஸ்பெக்டர் புத்தகத்தில் நல்லபடியாக ஏதோ எழுதிவிட்டுப் போனார். எங்களில் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு வகுப்பே அவரைக் கும்பிட்டது.

பிறகு பண்ணையில் டிராக்டர் வாங்கினார்கள். வண்டி மாடுகள் சந்தைக்குப் போயின, வண்டிகளும் போயின. கொட்டகை முழு நேரப் பள்ளிக்கூடம் ஆயிற்று. வண்டி இல்லாத வண்டிக்காரர் பண்ணையில் எடுபிடி வேலை பார்த்தார். குடிசையும் பண்ணை இடத்தில்தான் இருந்தது.

அந்தச் சமயம்தான் சென்னையில் ஆட்சி மாறி, ஒரு குடும்பம் இத்தனை ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது என்று உச்சவரம்பை இறுக்கினார்கள். பண்ணை வீட்டில் ராத்தூக்கம் போயிற்று. நிலத்தைப் பிரித்துப் பிரித்து மற்றவர்கள் பேரில் எழுத ஆரம்பித்தார்கள். மச்சினர் பேரில், மச்சினரின் மச்சினர் பேரில், சமையல்காரர் பேரில், சவரம் செய்ய வருகிறவர் பேரில், இன்னும் பிறக்காத பேரன் பேரில். அந்த வீட்டு நாய்க்கு ஒழுங்காக ஒரு பெயர் வைத்திருந்தால் அதற்கும் ஒரு மா நிலம் கிடைத்திருக்கும். கடைசியில் பட்டியலில் ஒரு துண்டு மிஞ்சியது, பள்ளிக்கூடத்து அறுபது குழி. பண்ணையின் காரியக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரே வண்டிக்காரர் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

பத்திர ஆபீசில் கைநாட்டு வைத்துவிட்டுத் திரும்பும்போது நடந்த பேச்சு ஊர் முழுக்கத் தெரியும்.

"இந்தாடா, பேருக்குத்தான் அது ஒன்னுது. புரியுதா?"

"புரியுதுங்க. பேருக்கு என்னுது. மத்ததுக்குங்க?"

"மத்ததுக்குப் பண்ணையோடது."

"பேரை விட்டா மத்தது என்னங்க இருக்கு, அறுவது குழியில?"

 எளிய மனுஷன், எதையோ உளறுகிறான் என்று காரியக்காரர் விட்டுவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

மறுநாள் காலை, தோளில் துண்டு, கையில் குடை, நம்ம ஆள் பள்ளிக்கூடத்து வரப்பில் வந்து நின்றார். மிராசுதார் என்றால் காலையில் தன் நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கவேண்டும், அது ஊர் வழக்கம். நாலு பக்கமும் சுற்றினார். கிழக்கே வாய்க்காலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து எங்களை வரிசை வரிசையாக நோட்டம் விட்டார்.

"சார், மூணாம் வரிசை கொஞ்சம் வாடுனாப்ல இருக்கே."

"இன்னிக்கு வீட்டுப்பாடம் கேட்கிற நாள் மிராசு" என்றார் வாத்தியார்.

அன்றிலிருந்து மழையோ வெயிலோ ஒரு நாள் தப்பாது. பெயரும் ஒட்டிக்கொண்டது. முன்னெல்லாம் கூரைக்குப் பண்ணையை எதிர்பார்த்து மழை முழுக்கச் சிலேட்டைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு படித்தோம். இவர் மிராசு ஆன வருஷம், பட்டுக்கோட்டைப் பக்கம் போகிற லாரிக்காரர்களிடம் சொல்லிவைத்து, போகும்போது ஏற்றி இறக்க ஒத்தாசை செய்து, தென்னங்கீற்று கொண்டுவந்து இறக்கிவிட்டார். மிராசுதார் கூரை மேல், வாத்தியார் கீழே நின்று கீற்று எடுத்துக் கொடுக்கிறார். கீழே நிற்பவர் வேலைக்காரர், மேலே இருப்பவர் முதலாளி என்று அவர் மட்டும் நம்பினார்.

சித்திரை பிறந்தது. சித்திரையில் நல்ல நாள் பார்த்து ஒவ்வொருவரும் அவரவர் நிலத்தில் நல்லேர் பூட்டி நாலு சால் உழுவார்கள். இவர் என் அப்பாவிடம் வந்து நின்றார். அப்பா பண்ணை நிலத்தைக் குத்தகைக்குச் செய்பவர், ஒரு ஜோடி மாடு உண்டு.

"தம்பி, மாட்டைக் கொஞ்சம் குடு. நல்லேரு பூட்டணும்."

"எங்கண்ணே பூட்டப்போறீங்க?"

"என் நெலத்துலதான்."

"அண்ணே, அது பள்ளிக்கூடம்."

"நெலந்தானே தம்பி. ஊரு பூரா உழுவுறப்ப அதை மட்டும் விட்டா அதுக்கு மனசு கஷ்டப்படாதா?"

என் அப்பாவுக்கு இதற்கெல்லாம் எதிர்வாதம் பேச வராது. மாட்டைக் கொடுத்துவிட்டார். கொம்பில் மஞ்சள், நெற்றியில் குங்குமம், நாங்கள் உள்ளே பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறோம், வெளியே கபடி ஆடுகிற இடத்தில் ஏர் ஓடுகிறது. நாலு சாலோடு நிறுத்தியிருக்கலாம். மண் நன்றாகப் புரண்டு வந்ததில் அவருக்கு உற்சாகம் பிறந்து மொத்தத்தையும் உழுது தள்ளிவிட்டார். அன்று சாயங்காலமே கோடை மழை. மறுநாள் காலை வாத்தியார் வருகைப் பதிவேடும் குடையுமாக வாசலில் கால் வைத்தார். அடுத்தாற்போல் நாங்கள் பார்த்தது குடையை மட்டும்தான்.

அவரைத் தூக்கி நிறுத்திக் கிணற்றடிக்கு அழைத்துப் போய் அலம்பிவிட்டதும் மிராசுதாரேதான். அன்றைக்குப் பூராவும் பரம்புப் பலகையைத் தானே இழுத்து இடத்தைச் சமன் செய்தார். "விளைச்சல் நல்லா வரும் சார்" என்று சமாதானம் வேறு சொன்னார்.

இந்த உழவு பின்னால் எங்கே போய் நின்றது என்பதைச் சொல்லவேண்டும். அந்த வருஷம் கூலி நெல் உயர்த்திக் கேட்டு ஊரில் வேலைநிறுத்தம். அறுப்புக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவர, தகராறு முற்றிப்போய், தெருவுக்குத் தெரு போலீஸ் நின்றது. எங்கள் வீட்டில் பேசுகிற குரலே தாழ்ந்துபோயிருந்த காலம். விவசாயத் தொழிலாளர் சங்கத்தார், யார் யார் பேரில் நிலத்தை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு இடமாகக் கொடி நட ஊர்வலம் புறப்பட்டார்கள். "உழுதவனுக்கே நிலம்" என்று கோஷம். ஊர்வலத்தில் முன்வரிசையில், எல்லாரையும்விட உரக்கக் கத்திக்கொண்டு வந்தவர் நம்ம அறுபது குழியார். அவரும் கூலிக்காரர்தானே.

ஊர்வலம் நேராகப் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து நின்றது. சங்கத் தோழர் பட்டியலைப் பார்த்து, "இந்த இடமும் இருக்கு. கொடியை நடுங்க" என்றார்.

கோஷம் போட்டவரின் வாய் மூடிக்கொண்டது. "தோழர், இது என் எடம்."

"ஒங்க எடமா? நீங்க பண்ணையோட பினாமிங்க."

"பினாமின்னா?"

"நிலம் ஒருத்தர் பேர்ல இருக்கும். உழுதவன் வேற ஒருத்தனா இருப்பான்."

"நான்தானே உழுதேன். போன சித்திரையில. வேணும்னா சாரைக் கேளுங்க, விழுந்தாரு."

வாத்தியார் வாசலில் வந்து நின்று ஆமாம் என்று இடுப்பைத் தடவிக் காட்டினார். அத்தனை நாள் இறுகிப்போயிருந்த ஊர்வலம் அன்றைக்குச் சிரித்தது. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்கூடத் திரும்பி நின்றுகொண்டார். கடைசியில் கொடியை நட்டார்கள். "ஓரமா நடுங்க, பிள்ளைங்க கபடி ஆடும்" என்று இடம் காட்டியவரும் அவரேதான்.

இதெல்லாம் விளையாட்டாகவே போயிருக்கலாம். ஆனால் ரோட்டுக்குத் தார் போட்டார்கள். தார் ரோட்டோரம் ஓர் அரவை மில் வைத்தால் நன்றாக ஓடும் என்று பண்ணையின் மாப்பிள்ளைக்குத் தோன்றியது. அதற்குப் பொருத்தமான இடம் எது என்று பார்த்தால், அறுபது குழி. வண்டிக்காரரிடமிருந்து மாப்பிள்ளை பேருக்குக் கிரயம் எழுதி வாங்கிவிட்டால் முடிந்தது. பள்ளிக்கூடம்? அதுதான் ஆற்றுக்கு அக்கரையில் ஒன்று இருக்கிறதே, போகட்டும் என்றார்கள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் அக்கரைக்குப் போகப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். என் அம்மா கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவீங்களாண்ணே?"

"போடமாட்டேன்னு சொல்ல முடியுமாம்மா? குடிசை அவங்க எடத்துல இருக்கு. சாப்பாடு அவங்க வேலையில இருக்கு."

"அப்ப புள்ளைங்க?"

அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பாக்கணும். மிராசுன்னா படிக்காமப் போடக்கூடாதும்மா" என்றார்.

சாட்சிக் கையெழுத்துக்குக் காரியக்காரர் என் அப்பாவைப் பிடித்துவிட்டார். குத்தகைக்காரர் எப்படி மாட்டேன் என்பது. அதனால் பத்திர ஆபீசில் நடந்ததெல்லாம் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பண்ணையின் காரில் ஏற்றி அழைத்துப்போனார்கள். மை டப்பாவை எடுத்துக் காரியக்காரர் நீட்டினார்.

"கட்டைவிரலைக் குடுடா."

"கையெழுத்துப் போடுவேங்க. படிச்சுட்டுப் போடறேன்."

"நீ எப்படா படிச்சே?"

"ஒங்க கொட்டாயிலதாங்க."

பதிவு அதிகாரி, எழுதிக் கொடுக்கிறவர் படிக்கவேண்டும் என்றால் படிக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். இவர் பத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்தார். எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தார்.

"கி... ர... ய... கிரய. சா... ச... சாச... ன... ம்."

அரை மணி நேரத்தில் நாலு வரி. ஐந்தாவது வரியில் அவருடைய சொந்தப் பெயர் இருந்தது. அதை ஒருமுறை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். "தம்பி, இந்தாரு, நம்ம பேரு" என்று அப்பாவுக்குக் காட்டினார். பிறகு அப்பாவின் பெயர் வந்ததும் அதையும் காட்டினார். மத்தியானம் ஓட்டலில் சாப்பாடு, காரியக்காரர் செலவு. ரசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டாம் பக்கம் பாதியில் ஆபீஸ் மூடிவிட்டார்கள்.

மறுநாளும் கார், மறுநாளும் பெஞ்சி. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

"நேத்தே படிச்சியேடா இதை."

"மறந்துபோச்சுங்க. படிச்சதை மறந்தா மறுபடி மொதல்லேருந்து படிக்கணும்னு சார் சொல்லியிருக்காரு."

காரியக்காரர் வெளியே போய் ஒரு கட்டு வெற்றிலையை முடித்துவிட்டு வந்தார், அப்போதும் "சாசனம்" முடியவில்லை. வரிசையில் நின்றிருந்த ஒருவர் தன் பாகப்பிரிவினையை வேண்டாம் என்று விட்டு அண்ணனோடு சமாதானமாகிப் போனார் என்று அப்பா சொல்வார். அது அப்பா சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம்.

மூன்றாம் நாள், நாலாம் பக்கம். இடத்தின் எல்லை எழுதியிருக்கிற பகுதி. கிழக்கே வாய்க்கால், மேற்கே ரோடு, அதற்குள்பட்ட... இவர் நிறுத்தினார்.

"கா... லி... ம... னை. காலிமனைன்னா என்னங்க?"

"ஒண்ணும் இல்லாத வெறும் எடம்" என்றார் பதிவு அதிகாரி.

பள்ளிக்கூடம் என்று எழுதினால் நாலு கேள்வி வரும், ஸ்டாம்பும் கூடும் என்று காரியக்காரர் காலிமனை என்று எழுதச் சொல்லியிருந்தார். இவர் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு என் அப்பாவைப் பார்த்துத் திரும்பினார்.

"தம்பி, ஒம் பொண்ணு எங்க ஒக்காந்து படிக்குது?"

 ஒரு பக்கம் காரியக்காரர் முறைக்கிறார். அந்த வருஷக் குத்தகைக்கு இன்னும் வாய்ச்சொல்கூட ஆகவில்லை. சாட்சியாக வந்தவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

"பள்ளிக்கூடத்துலண்ணே."

"அது எங்க இருக்கு?"

"வாய்க்காலுக்கு மேக்கே. ரோட்டுக்குக் கெழக்கே."

 பதிவு அதிகாரி பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். காரியக்காரரைப் பார்த்தார். "கட்டடம் இருந்தா கட்டடம்னு எழுதிக் கொண்டாங்க. இது ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வருவதற்குக் கார் இல்லை. இருவரும் நடந்தே வந்தார்கள்.

புதுப் பத்திரம் எழுத அவர்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. வாத்தியாருக்கு மூன்று நாள் போதுமானதாக இருந்தது. அறுபது குழியும் பள்ளிக்கூடத்துக்கே என்று ஊராட்சி ஒன்றியத்துக்குத் தானப் பத்திரம். அதில் கட்டடம், வாசல், கிணறு, கபடி ஆடுகிற இடம் எல்லாம் இருந்தது. அதையும் மிராசுதார் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஒரே நாளில் முடித்துவிட்டார். அப்பா மறுபடியும் சாட்சி.

அந்த வாரமே பண்ணை ஆட்கள் வந்து அவர் குடிசைக் கீற்றைப் பிரித்துப் போட்டார்கள். எங்கள் வயலுக்கு அந்த வருஷம் தண்ணீர் கடைசியாகத்தான் வந்தது.  "பள்ளிக்கூடத்துலேயே படுத்துக்குங்க மிராசு, ஒங்க எடம்தானே" என்று வாத்தியார் எவ்வளவோ சொன்னார். "எழுதிக் குடுத்தப்பறம் எப்படி சார் என் எடமாகும்" என்று அவர் மறுத்துவிட்டார். தெருவில் ஆளுக்கு ஒரு கை போட்டு வாய்க்கால் கரையில் ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். அரவை மில் அடுத்த ஊரில் வந்தது.

இனி காலைச் சுற்று இருக்காது என்று நினைத்தோம். மறுநாளே வந்துவிட்டார். ஆனால் உள்ளே வரவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சார், உள்ள வரலாமா?" என்றார்.

"என்ன மிராசு, புதுசாக் கேக்கறீங்க?"

"இப்ப இது பிள்ளைங்க எடம். கேட்டுத்தானே வரணும்."

வாத்தியார் எங்களைப் பார்த்தார். நாங்கள் ஐம்பது பேரும் சேர்ந்து "வாங்க" என்றோம். வந்தார், ஒரு சுற்று சுற்றினார், மூன்றாம் வரிசையைப் பார்த்து ஏதோ குறை சொன்னார், போனார். உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் கேட்காமல் உள்ளே கால் வைத்ததில்லை.

இப்போது அங்கே காரைக் கட்டடம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன், அதற்கு மேல் அங்கே வகுப்பு கிடையாது. ஆறாம் வகுப்பு என்று ஒன்று வந்திருந்தால் அதற்கும் மிராசு எப்படியாவது ஓர் ஓரத்தில் இடம் பிரித்துக் கொடுத்திருப்பார்.